ஊசி தந்த அவகாசத்தைக் கெடுத்தவன் நான்

பாகூர் பக்கம் எங்கள் ஊர். என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே நடவு வேலை. வீட்டில் கறவை மாடும் அவள் பொறுப்பு. இடுப்பில் ஆரம்பித்த வலி இடது காலில் இறங்கி, ராத்திரி தூங்கவிடாமல் செய்தபோதுதான் ஸ்கேன் எடுத்தோம். ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். உடனே ஆபரேஷன் வேண்டாம், முதலில் முதுகுத்தண்டில் ஊசி போட்டுப் பார்ப்போம் என்றார் மருத்துவர்.

நல்ல யோசனைதான். பிதுங்கிய ஜவ்வு பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடும்; அதுவரை வலியைத் தணித்து நடமாட வைப்பதுதான் ஊசியின் வேலை. 1901இல் பாரிசில் சிக்கார் என்ற மருத்துவர் கால் நரம்பு வலிக்குக் கொக்கெய்னை இப்படிச் செலுத்தினார். இன்று எக்ஸ்ரே திரையில் பார்த்து ஸ்டீராய்டு போடுகிறார்கள். அன்றும் இன்றும் அது வலியைத்தான் குறைக்கும். ஜவ்வைப் பழைய இடத்தில் வைக்காது.

நான் சரி என்றதற்குக் காரணம் வேறு. ஆபரேஷன் என்றால் அவள் நெடுநாள் குனியக்கூடாது. பால் கறக்க யார், சாணி அள்ள யார் என்றுதான் என் புத்தி போயிற்று. சுகர் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஊசியைத் தள்ளிப்போட்டுவிடுவார்களோ என்று, அவள் வாய் திறப்பதற்குள் "அதெல்லாம் இல்ல சார்" என்று முந்திக்கொண்டேன். மாத்திரை டப்பா அவள் பையில்தான் இருந்தது. ஸ்டீராய்டு சில நாட்களுக்குச் சுகரை ஏற்றும். ஏறியது, தலைசுற்றிப் படுத்தாள்.

வலி மட்டும் அடங்கியது. "என்னங்க, கால் லேசாயிடுச்சு" என்று அவள் சொன்ன சந்தோஷத்தை நான் அப்படியே வேலைக்குத் திருப்பினேன். பாரம் தூக்கக்கூடாது, பிசியோதெரபிக்கு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். போகவில்லை. அவள் தவிட்டு மூட்டையை இழுத்ததைத் திண்ணையிலிருந்து பார்த்தேன்.

பிறகு ஒருநாள் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே அவளுடைய இடது செருப்பு கிடந்தது. கழன்றதே தெரியாமல் நடந்து வந்திருக்கிறாள். பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. கால் பலம் குறைந்தால் அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டவன் நான், அவளிடம் சொல்லாதவனும் நான். ஆபரேஷன் என்றுவிடுவார்கள் என்ற பயத்தில் இன்னொரு ஊசி போட்டால் போதும் என்று நாள் கடத்தினேன். கடைசியில் ஆபரேஷன்தான் நடந்தது. வலி போய்விட்டது. பாதத்தின் பலம் முழுதாகத் திரும்பவில்லை.

வில்லியனூர், பாகூர் பக்கத்து ஆண்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது ஊசி போட்டால் சுகரையும், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையையும் மறைக்காதீர்கள். பாதம் தொங்கினாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்று ராத்திரியே கோரிமேடு ஜிப்மருக்கு வண்டி ஏற்றுங்கள்.