ஏற்காட்டில் ஒரு மரவேலி

சேலத்திற்கு வடகிழக்கே சேர்வராயன் மலைமீது, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ளது ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இங்குக் காப்பியைக் கொணர்ந்தார் என்பது பலரும் அறிந்ததே. அதன்பின் மலைச்சரிவுகள் பல தோட்டங்களாயின. அத்தகைய சரிவொன்றின் விளிம்பிலே எம் பாட்டியாரின் வீடு இருக்கின்றது. தோட்டத்தின் கீழெல்லையில் ஆறு செங்கல் தூண்கள். அவற்றிற்கு அப்பால் பத்தடிப் பள்ளம். பள்ளத்தின் அடியில் பாதை. தூண்களுக்கிடையே பாட்டனார் அடித்துவைத்த பலகைகள் சென்ற ஆண்டு மழையில் உளுத்து உதிர்ந்துபோக, ஐந்து அங்கணங்களும் வாய்திறந்து கிடந்தன. பாட்டியாருக்கோ கண்பார்வை மங்கிவிட்டது. காலை மாலை இருவேளையும் அவ்விளிம்பின் ஓரமாய் நடப்பது அவர் வழக்கம். மூடுபனி இறங்கினால், தூண் எது, வெளி எது என்று நல்ல கண்ணுடையார்க்கே தெரியாது. "இனி இங்குத் தனியே இருக்கலாகாது, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுங்கள்" என்று சேலத்திலுள்ள எம் சிறிய தந்தையார் முடிவாகச் சொல்லிவிட்டார். பாட்டியார் கேட்ட தவணை ஒரு கோடை விடுமுறை. ஆதலின் தேர்வு முடிந்ததும் யாமும் எம் தமையனாரும் மலையேறினோம்.

பொறியியல் பயிலும் தமையனார், இடைவெளி முழுவதையும் செங்கல்லால் அடைத்துவிடலாம் என்றார். எமக்குத் துணைவந்த முதிய ஆசாரியார் உடன்படவில்லை. வெளியைத் திரையிட்டு அடைத்தால் காற்றின் பாரம் முழுவதும் தூண்களையே சாரும். காற்றின் வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்மடங்காகும் என்பதைத் தமையனாரே பாடத்தில் படித்தவர்தாம். பலகைக்குப் பலகை அரை அங்குலம் இடம்விட்டால் காற்றும் புகும். மழையில் மரம் ஊதுவதற்கும் இடம் இருக்கும். மரம் நீளப்போக்கில் பெரும்பாலும் மாறுவதில்லை. அகலப்போக்கிலேயே பருத்தும் சுருங்கியும் போகின்றது. அப்படியானால் மரக்கால்களையே நட்டிருக்கலாமே எனின், மண்ணில் நின்ற மரம் மண்மட்டத்தில்தான் முதலில் உளுக்கும். மேலும் இம்மலையின் பாறை எளிதில் குழிதோண்ட இடங்கொடாது. அதனைச் சார்னோக்கைட் என்பர். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறைக் கல்லால் வந்த பெயர் அது. பாட்டனார் தூண் எழுப்பியதன் காரணம் எமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும், அது பெட்டிக்கு ஆகுமேயன்றி மழையில் நில்லாது என்று ஆசாரியார் தள்ளிவிட்டார். சேலத்தில் இடித்த வீடொன்றின் தேக்கு உத்தரங்களை வாங்கி அறுத்துக் கொணர்ந்தோம். விலையைப் பற்றிப் பேசாதிருத்தல் நலம்.

அங்கணம் ஒவ்வொன்றையும் மேல், நடு, கீழ் என மூன்றிடத்தில் அளந்தோம். எல்லாம் ஆறடி என்று பேரே தவிர, ஒன்று 5 அடி 11 அங்குலம். மற்றொன்று 6 அடி ஒன்றேகால் அங்குலம். ஆனால் எம்மைப் பெரிதும் அலைக்கழித்தது நிலத்தின் சரிவு. அங்கணத்திற்கு ஒன்பது அங்குலம் இறங்குகின்ற அச்சரிவிலே, வேலியைச் சதுரச் சதுரமாகச் செய்து படிப்படியாக இறக்குவதே எளிது. ஆசாரியாரும் அவ்வாறே நூல் பிடித்தார். அதுவரை வாளாவிருந்த பாட்டியார் அருகில் வந்து, "படிக்கு ஒருதரம் கை விழுமே! கட்டையைப் பிடித்துக்கொண்டுதானே நான் நடக்க வேண்டும்?" என்றார். ஆசாரியார் பேசாமல் நூலை அவிழ்த்தார்.

சரிவை ஒட்டியே சட்டங்கள் சாய்ந்து செல்ல, பலகைகள் மட்டும் செங்குத்தாய் நிற்கவேண்டுமென்று ஆயிற்று. சதுரமாயின் இரு மூலைக்குறுக்களவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். சாய்கட்டத்தில் அவ்வளவுகள் ஒவ்வா. ஆதலின் தூணின் பக்கத்திலேயே சரிவின் கோணத்தைப் பிடித்து, அதற்கொரு மாதிரிக்கட்டை செய்து, ஒவ்வொரு முனையையும் அதனோடு பொருத்தி அறுத்தோம். இருநாளில் முடியவேண்டிய வேலை ஒன்பது நாளாயிற்று.

தூண்களின் பக்கங்களில் நிலைச்சட்டங்களைத் துத்தநாகம் பூசிய திருகாணிகளால் இறுக்கினோம். துளைகளைச் சாந்திலன்றிச் செங்கல்லின் நடுவிலேயே இட்டோம். ஓரத்தில் துளைத்தால் செங்கல் பிளந்துவிடும். குறுக்குச் சட்டங்களை நிலைச்சட்டங்களின் தோட்டத்துப் பக்கத்தில் வைத்தது ஆசாரியாரின் மதிநுட்பம். யாரேனும் சாய்ந்தால் அப்பாரம் திருகாணியைப் பிடுங்காது. நிலைச்சட்டத்தின் மேலேயே அழுந்தும். நடுச்சட்டம் பாட்டியாரின் கை உயரத்திற்கு, 33 அங்குலத்தில் அமைந்தது. அதனை மட்டும் சிராய் இல்லாமல் மும்முறை இழைத்தோம். பலகைகளின் அடி மண்ணில் படாதவாறு இரண்டு அங்குலம் தூக்கி, நீர் வழிய மேல்முனைகளைச் சாய்வாக அறுத்து, ஆளிவிதை எண்ணெய் பூசினோம்.

வேலை முடிந்த மறுநாள் காலையில் மூடுபனி இறங்கியிருந்தது. பாட்டியார் நடுச்சட்டத்தின்மேல் கையை ஓட்டிக்கொண்டு நடந்தார். சட்டம் முடிந்து செங்கல் கையில் படும்போதெல்லாம், "ஒன்று, இரண்டு" என்று எண்ணினார். மூன்றாவது தூணில் நின்று திரும்பிக் கைநீட்டி, ஆரஞ்சு மரத்தின் இலையொன்றைக் கிள்ளி முகர்ந்தார்.

சிறிய தந்தையார் மே மாதக் கடைசி ஞாயிறன்று வந்தார். அங்கணம் ஒவ்வொன்றையும் பற்றி உலுக்கினார். முதுகைக் கொடுத்துச் சாய்ந்தும் பார்த்தார். சாவியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன் மறுபடி எண்ணெய் பூசப்போவது யார் என்று மட்டும் கேட்டார். புரட்டாசியில் வருவதாகச் சொல்லியிருக்கின்றோம்.