தந்தையாரின் புல்லட்டும் வேறொரு கார்புரேட்டரும்

எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற புல்லட்டுக்குச் சென்ற ஆண்டு வேறொரு கார்புரேட்டர் பொருத்தினோம். பழைய வண்டிகளைப் போற்றும் நண்பர்கள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். மூலத்தில் கை வைக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. அண்ணன் தம்பியாகிய எங்கள் இருவருக்குள்ளும் இதே கேள்வி பல மாதங்கள் வாதாக நடந்ததால், அதனை இங்கே எழுதிப் பார்க்கத் துணிகிறோம்.

வண்டி 1965-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் 1955-இல் கூடித் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பிறந்தது. 346 சி.சி. எஞ்சின், சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். தந்தையார் அதனை 1974-இல் பழைய வண்டியாகவே வாங்கினார்.

அதில் இருந்தது அமல் மோனோபிளாக் வகைக் கார்புரேட்டர். மிதவை அறையும் கலவை அறையும் ஒரே வார்ப்பாக அமைந்தமையால் அப்பெயர். வண்டியைக் கிளப்புமுன் அதன்மேல் உள்ள சிறு பொத்தானை அழுத்த வேண்டும். மிதவை தாழ்ந்து, பெட்ரோல் பொங்கி, விரல் நனையும். பிறகு அம்மீட்டர் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெல்ல மிதித்து, டீகம்ப்ரசரைப் பிடித்துச் சற்றே நகர்த்தி, ஒரே உதை. தந்தையார் இதனைப் பூசையின் ஒழுங்கோடு செய்வார். அலுவலகம் செல்லும் நாள்களில் அவர் விரல்களில் பெட்ரோல் மணம் நீங்கியதே இல்லை.

அந்தக் கார்புரேட்டரின் உடல், உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடு, இரண்டுமே துத்தநாகக் கலவையால் ஆனவை. ஒரே வகை உலோகங்கள் உரசும்போது இரண்டும் தேய்கின்றன. தேய்ந்த இடைவெளியில் காற்றுக் கள்ளத்தனமாக நுழைய, கலவையில் பெட்ரோலின் பங்கு குறைகிறது. வண்டி ஐடிலிங்கில் நிற்காது. எஞ்சின் அளவு மீறிச் சூடேறும். நீண்ட ஓட்டத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளவும் கூடும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்கிறது. அதிலுள்ள ஆக்சிஜனால் கலவை மேலும் வறளும். அது ஈர்க்கும் ஈரம் பழைய துத்தநாகத்தை அரிக்கும்.

உடலின் உட்புறத்தைக் கடைந்து பித்தளை உறை இறக்கலாம் என்றார் அண்ணன். மூலம் மூலமாகவே இருக்கும் என்பது அவர் எண்ணம். கடைந்த பின் அது எப்படி மூலமாகும் என்றார் தம்பி. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கைத் தீர்த்தவர் கும்பகோணத்தில் எங்கள் தந்தையார் காலத்திலிருந்து வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக். "தம்பி, கடைஞ்சிட்டா திரும்பாது. கழட்டி வச்சா திரும்பும்" என்றார்.

அதே ஊர்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலத்தில்தான் உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். சுவடிகளை ஒப்புநோக்கி ஒரு பாடத்தை ஏற்றபோதும், ஏனைய பாடங்களை அழித்துவிடாமல் பிரதிபேதமாகக் காட்டுவது அவர் பதிப்பு முறை. பின்வருவோர் வேறு முடிவுக்கு வர அதில் இடம் உண்டு. மெக்கானிக் சொன்னதும் ஏறக்குறைய அதுவே எனப் பட்டது. வண்டியில் எதையும் அறுப்பதில்லை, துளைப்பதில்லை என்ற ஒரே நிபந்தனையோடு அண்ணன் இசைந்தார்.

தேர்ந்தது மிக்குனி வி.எம். 24. துளைகள் நேர்படவில்லை, லேத் பட்டறையில் அலுமினிய இடைத்தகடு ஒன்று செய்வித்தோம். ஆக்சிலேட்டர் கேபிளும் புதிது. பொத்தானுக்குப் பதிலாகச் சோக் நெம்பு வந்தது. பூட்டுவது அரைநாள் வேலை. இசைவிப்பதற்கோ மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. தொடக்கத் திறப்பில் பைலட் ஜெட்டும் ஸ்லைடும், நடுவில் ஊசி, முழுத் திறப்பில் மெயின் ஜெட் என ஒவ்வொன்றும் தன் எல்லையை ஆள்கிறது. பாபநாசம் சாலையில் முழு வேகத்தில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் மிகுதி. இருமுறை ஜெட்டின் எண்ணை உயர்த்திய பின், மூன்றாம் ஞாயிறன்று பிளக் இளம் பழுப்பாக வெளிவந்தது.

இப்போது வண்டி முதல் உதையிலேயே எழுகிறது. வெயிலிலும் சீராக நின்று துடிக்கிறது. அன்று வீட்டு வாசலில் நிறுத்தியதும் அம்மா வெளியே வந்து சற்று நேரம் கேட்டார். "நல்லாத்தான் ஓடுது. ஆனா அப்பா வண்டி மாதிரி இல்லையேடா" என்றார். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டவுடன் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றியவர் அவர். அவர் அறிந்திருந்த ஓசையில் தேய்ந்த ஸ்லைடின் தடுமாற்றமும் கலந்திருந்தது. பழுதை நீக்கியபோது அதுவும் போய்விட்டது. இதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

பழைய கார்புரேட்டரும் அதன் கேபிளும் தந்தையாரின் துண்டு ஒன்றில் பொதிந்து வண்டியின் டூல் பாக்ஸில் கிடக்கின்றன. ஆண்டுக்கொரு முறை, அவர் திதியன்று, அதனை மீண்டும் பூட்டி முற்றத்தில் சிறிது நேரம் ஓடவிடுவதென முடிவு செய்திருக்கிறோம். இரண்டு போல்ட்டுகள், ஒரு கேபிள். ஒருமணி நேர வேலைதான். பொத்தானை யார் அழுத்துவது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் வாது தீரவில்லை.