மலை ரயிலில் அழுக்கைத் தேடி ஒரு பயணம்!

மேட்டுப்பாளையம் ஸ்டேஷன். காலை 7.10-க்கு ஊட்டி மலை ரயில் புறப்படும். எல்லோரும் நீல நிறப் பெட்டிகள் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, என் சித்தப்பா மட்டும் ரயிலின் கடைசிக்கு ஓடினார். ஏறும்போது இந்த ரயிலை இன்ஜின் இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது.

"அழுக்கைப் போட்டோ எடு கண்ணு. எங்கெங்க கரி படிஞ்சிருக்கு, எங்க எண்ணெய் வழியுது... ஒண்ணு விடாம எடு!"

விஷயம் இதுதான். தாத்தா இந்தப் பாதையில் ஃபயர்மேனாக இருந்தவர். அவர் நினைவாக எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கருப்பு வெள்ளை போட்டோ. சித்தப்பாவின் பொழுதுபோக்கு மாடல் ரயில். ஐரோப்பிய மலை ரயில் மாடல் ஒன்றை வாங்கி, அதை தாத்தா ஓட்டிய இன்ஜினாக மாற்றிக்கொண்டிருக்கிறார். 84 வயது அப்பத்தாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. அதற்குள் முடிக்க வேண்டும்.

ரயில் கல்லாறைத் தாண்டியதும் வேகம் குறைந்து, 'கடகட'வென்று சத்தம் மாறியது. சுமார் 12 அடி போனால் ஓரடி உயரும் செங்குத்து இது. தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் பல் வரிசையை இன்ஜினின் பல்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறுகிறது. ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் நாங்களும் இறங்கினோம். குரங்குகளிடமிருந்து பிஸ்கட்டைக் காப்பாற்றியபடியே சித்தப்பா பாடம் எடுத்தார்.

"மேல ரெண்டு, கீழ ரெண்டுன்னு நாலு சிலிண்டர் பாரு. கீழ இருக்கறது சாதாரண சக்கரத்துக்கு. மேல இருக்கறது பல்சக்கரத்துக்கு. நான் வாங்குன மாடல்ல மேல இருக்கற ஜோடி கிடையாது. பிளாஸ்டிக் தகடுல நானே செஞ்சு ஒட்டணும்."

1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் வந்த இந்தப் பாதைக்கு 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள். குன்னூரில் நீராவி இன்ஜின் கழன்றுகொள்ள, ஊட்டிக்கு டீசல் இன்ஜின் வந்தது. நாங்கள் குன்னூரிலேயே இறங்கிவிட்டோம். என் போனில் 140 அழுக்குப் படங்கள்!

கோவையில் சித்தப்பா வீட்டு மேஜை. 87-ல் ஒரு பங்கு அளவு என்பதால், ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் இங்கே வெறும் 12 மில்லிமீட்டர். பழைய பெயின்ட்டை ஆல்கஹாலில் ஊறவைத்து உரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவினார். பித்தளைக் கம்பியை வளைத்துக் குழாய்களாக ஒட்டினார். அடுத்து பிரைமர். அதற்கு மேல் ஏர்பிரஷ்ஷில் மெல்லிய பூச்சுகள். "ஒரே தடவைல தடிமனா அடிச்சா ரிவெட் எல்லாம் மூழ்கிடும்" என்றார்.

ஆனால், என்ன நிறம்? நாங்கள் பார்த்த இன்ஜின் நீலம். தாத்தாவின் போட்டோவில் நிறமே இல்லை. அப்பத்தாவிடம் கேட்டோம்.

"இன்ஜின் கலரை நான் எங்க பார்த்தேன்? உங்க தாத்தா சட்டை கருப்பு. காலைல வெள்ளையா போகும், ராத்திரி கருப்பா வரும்."

சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு இன்ஜினுக்கு நாங்கள் பார்த்த நீலத்தையே அடித்தார். குன்னூர் படங்களைப் பார்த்துப் பார்த்து, புகைபோக்கியைச் சுற்றிக் கரித்தூள், சக்கரங்களில் எண்ணெய்க் கறை, வால்வுகளின் கீழே தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கோடு எல்லாம் வைத்தார். கடைசியாக, இரண்டு சென்டிமீட்டர் உயர ஃபயர்மேன் பொம்மை ஒன்றுக்கு வெள்ளைச் சட்டை அடித்து, அதன்மேல் கரித்தூளைத் தேய்த்தார். தூள் உதிராமல் இருக்க வார்னிஷ் அடிப்பதுதான் பாக்கி.

அதற்குள் அப்பத்தா வந்துவிட்டார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாததால் விரலால் தடவிப் பார்த்தார். விரல் நுனியில் கருப்பு ஒட்டிக்கொண்டது. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்...

"இந்தக் கரிதான். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது."

அந்தப் பொம்மைக்கு மட்டும் சித்தப்பா இன்னும் வார்னிஷ் அடிக்கவில்லை!