கோழி எருவும் கடைசி மருந்தும்

கோழி எரு வாங்கப் போனா, தீவனத்துல என்ன கலக்குறீங்கன்னு முதல்ல கேக்குறேன். கோலிஸ்டின்னு ஒரு மருந்து. எதுக்கும் அடங்காத கிருமிக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாப் போடுறது. கோழி சீக்கிரம் எடை போடணும்னு அதைத் தீவனத்துல கலந்தாங்க. 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை செஞ்சுது. அப்படிப் பழகின கிருமி எச்சத்தோட வயலுக்கு வரும், மழையில் வாய்க்காலுக்கு இறங்கும். அதான் நல்லா மக்கவெச்சே போடுறேன்.

பல ஊர்ல ஆஸ்பத்திரிக் கழிவுத்தண்ணியும் சாக்கடையில்தான் சேருது. அங்க ஒரு கிருமி தன் எதிர்ப்பு மரபணுவை இன்னொண்ணுக்குக் கை மாத்திடும். டெல்லியில் தேங்கிக்கிடந்த தண்ணி 171 மாதிரியில் 51-ல் என்.டி.எம்.-1 மரபணு இருந்ததா 2011-ல் லான்செட் தொற்றுநோய் இதழ்ல வந்துச்சு. குழாய்த்தண்ணி 50-ல் 2.

எங்க செங்கல்பட்டு கொளவாய் ஏரியும் ஊர்ச் சாக்கடையை வாங்கினதுதான். பாசனத் தண்ணியில் வெறுங்காலோட நிக்கிறவனுக்கு மண்வெட்டி பட்டா, ஓடுறது அதே ஆஸ்பத்திரிக்கு.