21 வயசு... 200 ரூபா... ஒரு ஓட்டு!

21 வயசு முடிஞ்சா பசங்களுக்கு நம்ம சட்டம் ரெண்டு பெர்மிஷன் தருது பாஸ்! ஒண்ணு, கல்யாணம் பண்ணிக்கலாம். அது நமக்கு இப்போதைக்கு வேலைக்கு ஆகாது (பொண்ணு வீட்டுல முதல் கேள்வியே 'எத்தனை அரியர்?'தான்). இன்னொண்ணு, உள்ளாட்சித் தேர்தல்ல நிக்கலாம். எம்.எல்.ஏ., எம்.பி. ஆகணும்னா 25 வயசு வரைக்கும் காத்திருக்கணும். வார்டு மெம்பர், ஊராட்சித் தலைவர், நகராட்சி கவுன்சிலர் எல்லாத்துக்கும் 21 போதும்.

எனக்கு இப்போ 20. பி.இ. மூணாவது வருஷம். ஊர், பல்லடம் பக்கத்துல ஒரு கிராமம். அடுத்து எப்போ உள்ளாட்சித் தேர்தல் வந்தாலும், அன்னிக்கு எனக்கு 21 முடிஞ்சிருந்தா, வார்டு மெம்பருக்கு நிக்கறதா இருக்கேன். சிரிப்பு வருதா? பரவாயில்லை, சிரிச்சுக்குங்க. ஹாஸ்டல் பசங்க ஏற்கெனவே 'வருங்கால முதல்வரே'ன்னு என் கட்டிலுக்கு மேல போஸ்டர் ஒட்டிட்டானுங்க.

விளையாட்டா ஆரம்பிச்சு விவரம் விசாரிச்சப்போதான் ஒவ்வொண்ணும் ஆச்சர்யமா இருந்துச்சு. 2019 ஊரகத் தேர்தல்ல கிராம ஊராட்சி வார்டு மெம்பருக்கு டெபாசிட் 200 ரூபா. எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளர்களுக்கு அதுல பாதி. ஊராட்சித் தலைவருக்கு 600. மெம்பர் டெபாசிட், நம்ம ஒரு பேப்பர் ரீவேல்யூஷனுக்குக் கட்டுற காசைவிடக் கம்மி! மெம்பர் வேட்பாளர் அதிகபட்சம் 9,000 ரூபா வரைக்கும் செலவு பண்ணலாம்னு கணக்கு. படிப்புத் தகுதி? தமிழ்நாட்டுல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. அரியர் கோஷ்டிகளே, தைரியமா வாங்க!

இன்னொரு விஷயம். கிராமத்துல மெம்பர், தலைவர் ரெண்டு பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலர்லேர்ந்துதான் கட்சி. அதனால 'எந்தக் கட்சில சீட்டு வாங்கப் போறே?'ன்னு கேட்ட மாமாக்களுக்கெல்லாம் சொல்லிக்கறேன்... இந்த ஆட்டத்துக்கு சீட்டே வேணாம் மாமா!

2021 அக்டோபர்ல கோயம்புத்தூர் பக்கம் குருடம்பாளையம் ஊராட்சியில ஒரு இடைத்தேர்தல். வார்டு மெம்பருக்கு நின்ன ஒருத்தருக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. அவர் ஒரு கட்சிக்காரர்ங்கறதால நாடு முழுக்கக் கலாய்ச்சுத் தள்ளிட்டாங்க. 'வீட்டுல இருக்கறவங்ககூடப் போடலையா?'ன்னு ஒரே கேலி. ஆனா அவர் வீட்டு ஓட்டெல்லாம் வேற வார்டுல இருந்துச்சு. ஊராட்சிக்குள்ள எங்கே ஓட்டு இருந்தாலும் வேற வார்டுல நிக்கலாம்கறது விதி. முன்மொழியறவருக்குத்தான் அந்த வார்டுல ஓட்டு இருக்கணும். நான் அந்தச் செய்தியில படிச்ச பாடம் இது: நிக்கறதுக்கு முன்னாடி அந்தத் தெரு நம்மளைத் தெரிஞ்சு வெச்சிருக்கணும்.

நம்ம வயசுக்காரங்க ஜெயிக்கவும் செஞ்சிருக்காங்க. கிருஷ்ணகிரி மாவட்டம் கே.என்.தொட்டி ஊராட்சிக்கு 2019 தேர்தல்ல தலைவரா வந்த சந்தியா ராணி, 21 வயசு காலேஜ் ஸ்டூடன்ட். 2020 டிசம்பர்ல திருவனந்தபுரம் மேயரா உட்கார்ந்த ஆர்யா ராஜேந்திரனுக்கும் 21தான். பி.எஸ்ஸி. மேத்ஸ் படிச்சுட்டிருந்தாங்க. 2022-ல சென்னை மாநகராட்சி 98-வது வார்டுல ஜெயிச்ச பிரியதர்ஷினிக்கும் 21. இங்கே பாதி இடம் பெண்களுக்குன்னு 2016-ல சட்டமே வந்தாச்சு. கேர்ள்ஸ், உங்களுக்கு ரூட்டு இன்னும் கிளியர்!

சரி, மேட்டருக்கு வருவோம். இவ்வளவு சுலபம்னா ஏன் எல்லாரும் நிக்கறதில்லை?

எங்க வீட்டுல பத்து விசைத்தறி ஓடுது. தறி எங்களது, துணி எங்களது இல்ல. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூல் குடுப்பாரு. நெஞ்சு குடுத்தா கூலி. பல்லடம், சோமனூர் பக்கமெல்லாம் ஆயிரக்கணக்கான குடும்பத்துக்கு இதுதான் சோறு. விஷயத்தைச் சொன்னதும் அப்பா கோபப்படலை. தறியை நிறுத்திட்டு வந்து உட்கார்ந்தாரு.

"நில்லு கண்ணு, வேண்டாங்கல. ஆனா நீ எதிர்த்து நிக்கிற ஆளு, நமக்குப் பாவு குடுக்கறவருக்கு வேண்டப்பட்டவரா இருந்தா என்ன பண்றது? அடுத்த வாரம் பாவு வராது. கேட்டா 'ஆர்டர் இல்லீங்க'ம்பாங்க. அதுக்கு மேல யாரைக் கேப்பே?"

எனக்குப் பதில் வரலை. தறிச் சத்தத்துலேயே தூங்கிப் பழகின வீடு எங்களது. ராத்திரி சத்தம் நின்னா திடுக்குனு எந்திரிச்சு உட்காருவோம். 200 ரூபா டெபாசிட்ங்கறது கவர்ன்மென்ட் கணக்கு. எங்க வீட்டுக் கணக்குல டெபாசிட், அந்தப் பத்துத் தறி.

எங்களுக்காவது போறது கூலிதான். சிலருக்கு உயிரே போயிருக்கு. மதுரை மாவட்டம் மேலவளவுல, தலித்துகளுக்கு ஒதுக்கின தலைவர் பதவிக்கு நின்னு ஜெயிச்ச முருகேசனை 1997 ஜூன் 30-ம் தேதி வெட்டிக் கொன்னாங்க. அதே வருஷம் ஏப்ரல் 23-ம் தேதி, மதுரை வில்லாபுரம் கவுன்சிலர் லீலாவதி கொல்லப்பட்டாங்க. அவங்க செஞ்ச 'தப்பு', வார்டு மக்களுக்குக் குடிதண்ணி குழாய்ல வரணும்னு போராடினது. மெம்பர் பதவின்னா சும்மா கையெழுத்துப் போடற வேலைன்னு நினைக்கறவங்க இந்த ரெண்டு பேரையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

அப்புறமும் ஏன் நிக்கணும்கறே?

எங்க வார்டுல வரிசையா லைன் வீடுகள். தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்கு வந்தவங்க குடியிருக்காங்க. தேனி, உசிலம்பட்டின்னு நம்ம ஊர்க்காரங்க பாதி. பீகார், ஒடிஷாக்காரங்க மீதி. குடிதண்ணி திறந்துவிடறது பெரும்பாலும் பகல் பதினோரு மணிக்கு மேல. அந்நேரம் பகல் ஷிஃப்ட்டுக்காரங்க வேலையில இருப்பாங்க. நைட் ஷிஃப்ட்டுக்காரங்க தூங்குவாங்க. காலையில ஆறு மணிக்குத் திறந்தா பிரச்னை முடிஞ்சுது. கோடி ரூபா திட்டமெல்லாம் வேணாம், டைம்டேபிளை மாத்தினா போதும்! ஆனா யாரும் கேக்கறதில்லை. ஏன்னா, அங்கே இருக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டு இங்கே இல்ல, சொந்த ஊர்ல. ஓட்டு இல்லாத வாசலுக்கு யாரு வருவா?

கேக்கறதுக்கு ஆளே இல்லாத காலமும் இருந்திருக்கு. 2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய தேர்தல், கோர்ட் ரத்து பண்ணினதால தள்ளித் தள்ளிப் போய் எங்க மாவட்டத்துக் கிராமங்களுக்கு 2019 டிசம்பர்லதான் நடந்துச்சு. அப்போ வந்தவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோட முடிஞ்சு, மறுபடி தனி அலுவலர்கள் கைக்குப் போச்சு. தெருவிளக்கு எரியலைன்னா நம்ம வீதி மெம்பர் வீட்டுக் கதவைத் தட்டலாம். தனி அலுவலர் வீடு எங்கே இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

என்ஜினீயரிங் படிச்சவனுக்கு இங்கே வேலை இருக்கா? நிறையவே இருக்கு. குத்தம்பாக்கம் இளங்கோ சென்னை ஏ.சி. காலேஜ்ல கெமிக்கல் என்ஜினீயரிங் முடிச்சு, காரைக்குடி ஆராய்ச்சி நிலையத்துல விஞ்ஞானியா இருந்தவர். வேலையை விட்டுட்டு 1996-ல சொந்த ஊருக்குத் தலைவரானார். உள்ளூர் மண்ணுலேயே கல் தயாரிச்சு வீடு கட்டினார். நடுவுல சஸ்பெண்ட்கூட ஆனார். 2001-ல திரும்ப ஜெயிச்சார். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி, 2006-ல 350 கிலோவாட் காத்தாடியைச் சொந்தமாவே வாங்கி நிறுத்தி, மின்வாரியத்துக்குக் கரன்ட் வித்துச்சு. எங்க பல்லடத்தைச் சுத்தி நிக்கற காத்தாடிகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஒரு பஞ்சாயத்தும் அதுல ஒண்ணுக்கு ஓனர் ஆகலாம்னு எந்த புரொபசரும் சொல்லித் தரலை.

அதனால வேலையை ஆரம்பிச்சுட்டேன். லீவுக்கு ஊருக்குப் போறப்போ லைன் வீடுகள்ல வாசல் வாசலா ஏறி, இங்கேயே நிரந்தரமா இருக்கறவங்களுக்கு ஓட்டை மாத்தறதுக்கு ஃபார்ம் 8 எழுதித் தர்றேன். எனக்குத்தான் போடணும்னு யாரையும் கேக்கலை. ஓட்டு வந்தா வாசலுக்கு யாராவது வருவாங்க, அது நானா இல்லாட்டியும் சரி. கிராம சபையும் விடறதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1... வருஷத்துக்கு ஆறு நாள். ஓட்டர் லிஸ்ட்டுல பேர் இருந்தா 18 வயசுலேயே எந்திரிச்சு நின்னு கேள்வி கேக்கலாம். போன தடவை தண்ணி டைமிங் பத்திக் கேட்டேன். 'பாக்கலாம்'னாங்க. அடுத்த தடவையும் கேப்பேன்.

அப்பா இன்னும் முழுசா ஒத்துக்கலை. "யாரையும் ஒரு வார்த்தை திட்டாம, தண்ணியை மட்டும் பேசி ஓட்டுக் கேக்க முடியும்னா நில்லு"ன்னு ஒரு கண்டிஷன் போட்டிருக்காரு. அதுவும் பாவைக் காப்பாத்துமான்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அம்மா மட்டும் "இருநூறு ரூவாதானே சாமி, நாந் தர்றேன்"னுட்டாங்க.

உங்க ஊர்லயும் ஒரு வார்டு இருக்கும். அங்கே உங்க பேர் லிஸ்ட்டுல இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. நிக்கறதா இருந்தா முன்மொழிய ஒரு ஆளையும் பார்த்து வெச்சுக்குங்க. எனக்குக் கிடைச்சாச்சு. எட்டு வருஷமா இங்கே தறி ஓட்டி, போன மாசம்தான் உசிலம்பட்டியிலிருந்து ஓட்டை எங்க வார்டுக்கு மாத்தின ஒரு அக்கா!