தந்தையின் வாழ்வை மகன் எழுதலாமா?

என் தந்தையார் பிறந்து 2025-ஆம் ஆண்டுடன் நூறு ஆண்டுகள் நிறைந்தன. 1949-இல் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியுடன் டில்லிக்கு வந்து, மத்திய சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தவர் அவர். நூற்றாண்டை ஒட்டி அவரது வரலாற்றைச் சிறு நூலாக எழுதித் தரும்படி என் தம்பி கேட்டான். "நல்லதை மட்டும் எழுதுங்கள், அண்ணா" என்றும் சொல்லி வைத்தான். அந்த ஒரு வார்த்தை என் பேனாவை மாதக்கணக்கில் நகரவொட்டாமல் செய்துவிட்டது.

அந்நாட்களில் நான் துணைக்கு அழைத்துக்கொண்டவர் சரித்திரப் பேராசிரியர் சர்வபள்ளி கோபால். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் ஒரே புதல்வர் அவர். 1923-இல் சென்னையில் பிறந்து, அங்கும் பின்னர் ஆக்ஸ்போர்டிலும் பயின்றார். முதலில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், தமக்கு எவ்வித உறவும் இல்லாத ஆங்கில வைஸ்ராய்கள். ரிப்பன் பிரபுவின் ஆட்சியைப் பற்றிய நூல் 1953-இலும், இர்வின் பிரபுவைப் பற்றியது 1957-இலும் வெளிவந்தன. சென்னை மாநகராட்சிக் கட்டடத்திற்குப் பெயர் தந்த அதே ரிப்பன்தான். கடிதங்களையும் கோப்புகளையும் புரட்டி ஒரு மனிதரை எடைபோடும் கலையை, அந்நியர்களிடத்திலே அவர் முதலில் பழகிக்கொண்டார் எனலாம்.

1954 முதல் வெளிவிவகார அமைச்சின் வரலாற்றுப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். சீன எல்லைத் தகராறு முற்றியபோது பழைய ஆவணங்களைத் தேடித் திரட்டியவர்களில் அவர் முக்கியமானவர். 1960-இல் இரு நாட்டு அதிகாரிகளும் கூடிப் பேசியபோது இந்தியக் குழுவிலும் இடம் பெற்றார். பிறகு ஆக்ஸ்போர்டில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு, டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அதன்பின் அவர் ஏற்ற பணி எளிதன்று. தாம் எவருடைய அரசாங்கத்தில் ஊழியம் செய்தாரோ, அந்த நேருவின் வரலாற்றையே 1975, 1979, 1984 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக எழுதி முடித்தார். வெளியார் பார்த்திராத நேருவின் சொந்தக் கடிதங்களும் குறிப்புகளும் அவருக்குக் கிடைத்தன. முதற்பாகத்திற்கு 1976-இல் சாகித்திய அக்காதெமி விருது வழங்கப்பட்டது. ஆயினும், நேருவிடம் அவர் அளவுக்கு மிஞ்சிப் பரிவு காட்டிவிட்டார் என்று குறை கூறியோர் பலர். அந்தக் குறையில் நியாயம் இல்லாமலும் இல்லை. அன்பு வைத்த இடத்தில் தராசு சற்றுச் சாயத்தானே செய்யும்?

அப்படியானால் பெற்ற தந்தையைப் பற்றி எழுதும்போது தராசு முழுவதும் சாய்ந்துவிட வேண்டுமன்றோ? 1989-இல் வெளிவந்த ராதாகிருஷ்ணன் வரலாற்றை நான் அந்த ஐயத்துடனேதான் கையில் எடுத்தேன். படித்தபின் நெடுநேரம் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாடு முழுவதும் ஆசிரியர் தினமாகக் கொண்டாடும் பிறந்த நாளுக்கு உரியவர். குடியரசுத் தலைவராக வீற்றிருந்தவர். அவருடைய மேதையையும் உழைப்பையும் விரிவாகச் சொன்ன மகன், இல்லறத்தில் அவர் மனைவிக்கு உண்மையாக இருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவிட்டார். வசைபாடும் தொனியும் இல்லை. வக்காலத்து வாங்கும் தொனியும் இல்லை. நான் வியந்தது, தந்தையின் புகழைக் காக்க வந்த மகன் தாயை மறந்துவிடவில்லை என்பதைத்தான். உண்மையை ஒளித்தால், அதனால் துன்புற்றவரையும் சேர்த்தல்லவா ஒளித்தவர்களாவோம்!

என் தந்தையின் கதைக்கு வருகிறேன். ஊரிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர் அவர். பெண்களைப் படிக்க வையுங்கள் என்று பிறருக்கு வற்புறுத்திச் சொன்னவர். ஆனால் வகுப்பில் முதலாவதாகத் தேறிய என் அக்காளைக் கல்லூரி வாசலை மிதிக்க விடாமல், பதினேழு வயதில் மணம் செய்து கொடுத்தவரும் அவரேதான். தம்பி விட்டுவிடச் சொன்னது இதைத்தான்.

என்னால் விட முடியவில்லை. எழுதினேன். எழுதியதை அக்காளிடம் எடுத்துச் சென்று வாசித்துக் காட்டினேன். எழுபது வயதைக் கடந்துவிட்ட அவள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இருக்கட்டும், அடிக்க வேண்டாம். ஆனால் ஆபீசிலிருந்து எவ்வளவு களைத்து வந்தாலும், ராத்திரி உட்கார்ந்து எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாரே, அதை ஏன் விட்டாய்? அதையும் எழுது" என்றாள்.

கோபால் 1999-இல் பத்ம விபூஷண் விருது பெற்று, 2002-இல் சென்னையில் காலமானார். அவருடைய நூல்களிலிருந்து நான் கற்ற பாடத்தை, கல்லூரி காணாத என் அக்காள் ஒரு நொடியில் முழுமையாக்கிவிட்டாள். கணக்குப் பாடத்தைச் சேர்த்து, கையெழுத்துப் பிரதியைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். அவனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.