அம்மியும் பல்லும்

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். பல்லுக்கு இப்பழமொழி பொருந்தாது என்பதை நாங்கள் மூவரும் பட்டறிந்தோம்.

பற்களுக்குக் கம்பி கட்டியிருந்த எங்களுக்கு ஒரே கவலை. பத்தாம் வகுப்புக் குழுப் படம் எடுப்பதற்குள் கம்பியைக் கழற்றிவிட வேண்டும்! மாதாவுக்கு நவநாள் செபம் செய்தோம். அதுவும் போதாதென்று, மேல்பல் கம்பியையும் கீழ்ப்பல் கம்பியையும் இணைக்கும் ரப்பர் வளையத்தை ஒன்றுக்கு இரண்டாக மாட்டினோம். அன்றிரவு தயிர்சாதம்கூட மெல்ல முடியவில்லை.

பல் மருத்துவர் அம்மையார் கண்டுபிடித்துவிட்டார். ஆயினும் கடிந்துகொள்ளாமல் விளக்கினார். மெல்லிய அழுத்தம் படும் பக்கத்தில் எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து பல்லுக்கு வழிவிடுகிறது. மறுபக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. இவ்வாறு பல் மாதத்திற்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்கிறது. அளவு மீறி அழுத்தினால் வேரைச் சுற்றிய திசுவில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, பல் நகராமல் நின்றுவிடும்!

“விரைவுபடுத்த வழியே இல்லையா, டாக்டர்?” என்றோம்.

உண்டாம். தாடையெலும்பைக் கீறிப் பல்லை நகர்த்தும் முறையைக் கோலே என்பவர் 1959இல் விவரித்தார். 2001இல் வில்கோ சகோதரர்கள் அதை மேலும் வளர்த்தனர். கீறிய எலும்பு ஆறும் சில மாதங்களுக்கு மட்டுமே அந்த வேகம் இருக்கும். கடித்துக்கொள்ளும் அதிர்வுக் கருவியும் வந்தது. ஆய்வுகளில் அதற்குத் தெளிவான பயன் தெரியவில்லை.

மறுபேச்சின்றி ஒற்றை வளையத்திற்குத் திரும்பினோம்.

தோழியரே, இறைவன் படைத்த எலும்புக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. குழுப் படத்தில் நாங்கள் மூவரும் கம்பியோடுதான் நிற்கிறோம். வாய் திறந்தே சிரிக்கிறோம்!